‘கொஞ்சம்தான் இருக்கு அக்கா’: சின்ன டீம் ஒன்றை அஜைல் முறையில் ஓட்டுவது எப்படி

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு கடைக்கு மேலே உள்ள அறையில் ஆறு பேர் சொப்ட்வெயார் செய்கிறோம். ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் வாவிக் காற்று, மற்றப் பக்கம் மெயின் ரோட்டு ஹோர்ன் சத்தம். என்னைத் தவிர ஐந்து பேரும் முப்பதுக்குக் கீழே. இரண்டு பேர் வந்தாறுமூலையில் படித்தவர்கள், ஒருவர் ஒலுவிலில். மற்ற இருவரும் கம்பஸ் போகாமல் போனில் வீடியோ பார்த்தே வேலை பழகியவர்கள். எங்களில் ஆகக் கெட்டிக்காரி அதில் ஒருத்திதான். நான் கொழும்பில் ஒன்பது வருடம் இதே தொழிலைச் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவள்.

இந்தப் பக்கத்தில் இப்போது சின்னச் சின்ன டீம்கள் தொடங்குகின்றன. அவர்களில் சிலர் வந்து, "அக்கா, நாங்களும் அஜைல்தான் செய்யிறம். காலையில ஸ்டான்ட்அப் வைக்கிறம், போர்டும் இருக்கு. ஆனா வேலை முடியுதில்ல" என்பார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதியவர்களுக்காக ஒரு வரி: அஜைல் என்றால் வேலையைச் சின்னத் துண்டுகளாகச் செய்து, அடிக்கடி காட்டித் திருத்திக்கொண்டு போகிற முறை. ஸ்டான்ட்அப் என்பது தினமும் நின்றபடி வைக்கிற சின்னக் கூட்டம், போர்டு என்பது எந்த வேலை எந்த நிலையில் நிற்கிறது என்று அட்டைகளில் காட்டும் பலகை.

ஒரு டீம் ஒழுங்காக ஓடுகிறதா என்று அறிய நான் போர்டைப் பார்ப்பதில்லை. கெட்ட செய்தி எத்தனை நாளில் வெளியே வருகிறது என்று பார்ப்பேன். திங்கட்கிழமை சிக்கிக்கொண்டவர் திங்கட்கிழமையே அதைச் சொல்லிவிட்டால் அந்த டீம் தப்பிவிடும். அடுத்த கிழமை வியாழக்கிழமைதான் சொல்கிறார் என்றால் ஸ்டான்ட்அப், ஸ்பிரின்ட் (ஒன்றிரண்டு கிழமைக்கு வகுத்த வேலைச் சுற்று), ரெட்ரோ (அந்தச் சுற்றின் முடிவில் பிழைத்ததைப் பேசும் கூட்டம்) எல்லாம் வைத்தும் பிரயோசனமில்லை. கீழே சொல்வது எல்லாமே அந்தச் செய்தியைக் கெதியாக வெளியே எடுக்கிற வழிகள்.

பிரின்டர் கதை

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்கு, நெல் வாங்குவதைப் பதியும் சிஸ்டம் ஒன்று செய்தோம். லொறி வரும், நெல்லை நிறுப்பார்கள், விவசாயி கையில் தமிழில் ஒரு பில் கொடுக்க வேண்டும். பில் அடிப்பது, கடைகளில் பார்ப்பீர்களே, சுருள் தாள் போடுகிற சின்னத் தெர்மல் பிரின்டர், அதில்தான். வேலையை ஒரு தம்பியிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வேலை என்று நானே கணக்குப் போட்டேன்.

மூன்றாம் நாள் ஸ்டான்ட்அப்பில், "கொஞ்சம்தான் இருக்கு அக்கா" என்றான். நான்காம் நாளும் அதே. சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை வந்தது. "இன்னும் கொஞ்சம்தான்." ஒன்பதாவது வேலை நாள் நான் எழும்பி அவனுடைய மேசைக்குப் போனேன். காலடியில் குப்பைக் கூடை நிறையப் பில் தாள். ஒன்றை எடுத்து விரித்தால், ‘நெல்’ என்று வர வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். இன்னொன்றில் கொம்பு ஓரிடத்தில் கிடந்தது, எழுத்து இன்னோரிடத்தில் கிடந்தது.

அந்தப் பிரின்டருக்குள் இருக்கிற எழுத்துத் தொகுதியில் தமிழ் இல்லை. ஆங்கிலம் இருக்கும், ஐரோப்பிய எழுத்துகள் சில இருக்கும். தமிழில் அடிக்க வேண்டுமென்றால் முழுப் பில்லையும் கொம்பியூட்டரில் படமாக வரைந்து அந்தப் படத்தை அனுப்ப வேண்டும். இது தெரியாமல் தம்பி ஒன்பது நாளும் எழுத்துகளை ஒவ்வொரு விதமாக மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். நான் தாளைத் தூக்கிப் பிடித்து "இதென்ன?" என்று கேட்டதும், பக்கத்துக் கதிரையில் இருந்த தங்கச்சி ஹெட்போனைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தாள். "அண்ணா, அதுக்குத் தமிழ் தெரியா. படமா அனுப்புங்க. நான் முந்தி ஒரு பார்மசிக்கு இப்பிடித்தான் செஞ்சன்."

பின்னேரம் நாலு மணிக்கு முதல் பில் ஒழுங்காக வந்தது. ஒன்பது நாளாக அந்தப் பதில் மூன்றடி தூரத்தில் இருந்திருக்கிறது.

யாருடைய பிழை என்று வீட்டுக்குப் போய் யோசித்தேன். அதற்கு முதல் மாதம் இன்னொரு பிள்ளை ஸ்டான்ட்அப்பில் "எனக்கு இது விளங்கயில்ல" என்று சொன்னபோது, நான் எல்லோருக்கும் முன்னால் "இதுவும் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஞாபகமே இல்லை. தம்பிக்கு நல்ல ஞாபகம். பெரியவர்களுக்கு முன்னால் ‘ஏலாது’, ‘தெரியாது’ என்று சொல்வது மரியாதைக் குறைவு என்றுதான் நம் ஊரில் பிள்ளைகளை வளர்க்கிறோம். அப்படி வளர்ந்தவர்கள், பொய்யும் சொல்லக் கூடாது, மரியாதையும் குறையக் கூடாது என்று தேடி எடுக்கிற சொல்தான் ‘கொஞ்சம்தான் இருக்கு’.

ஹார்வர்டில் படிப்பிக்கும் ஏமி எட்மன்ட்சன் 1990களில் மருத்துவமனை டீம்களில் நடக்கும் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக வேலை செய்கிற டீமில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவுகளைப் பார்த்தால் அங்கேதான் பிழை அதிகம். பிறகுதான் விஷயம் விளங்கியது: அந்த டீம்களில் விட்ட பிழையைப் பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். டீமில் பயமில்லாமல் பேசுவதைப் பற்றி 1999இல் அவர் எழுதிய கட்டுரை, இன்று சொப்ட்வெயார் டீம்களைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வருகிறது. நான் அதைக் கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுத் தலையாட்டியவள்தான். விளங்கியது என்னவோ குப்பைக் கூடையைப் பார்த்த பிறகு.

காலைக் கூட்டத்தை மாற்றியது

அடுத்த நாளே மூன்று காரியம் செய்தேன்.

ஸ்டான்ட்அப்பில் முதலில் நான் கதைக்கத் தொடங்கினேன். அதுவும் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித்தான் தொடங்குவேன். "சாக்குக் கழிவை எப்பிடிக் கணக்குப் பார்க்கிறாங்க எண்டு எனக்கு இன்னும் விளங்கயில்ல. யாருக்கும் தெரியுமா?" இதை நடிப்பாகச் செய்தால் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையில் தெரியாததைத்தான் சொல்ல வேண்டும். எனக்கு அதற்குப் பஞ்சமே இல்லை.

அடுத்தது, ‘முடிஞ்சுதா?’ என்ற கேள்வியை விட்டேன். அதற்கு மரியாதையான பதில் ஒன்றுதான் உண்டு. அதற்குப் பதிலாக, "இப்ப எதை ஓட்டிக் காட்டலாம்?" என்று கேட்கிறேன். ‘90 வீதம் முடிஞ்சுது’ என்று சொல்லவும் தடை. ஓடுவதைக் காட்டலாம், அல்லது ஓடவில்லை என்று சொல்லலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்களிடம் சொல் கிடையாது.

மூன்றாவது, பிளேன்டீ விதி. ஒரு மணித்தியாலம் தனியாக முட்டிப் பார்த்தும் வழி தெரியவில்லையென்றால் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு கீழ்க் கடைக்குப் போய் ஒரு பிளேன்டீ குடிக்க வேண்டும், குடித்துக்கொண்டே பிரச்சினையைச் சொல்ல வேண்டும். இரண்டு பிளேன்டீயும் என் கணக்கில். மாதக் கடைசியில் கடைக்கார அண்ணன் கொப்பியைக் காட்டும்போது தொகை குறைவாக இருந்தால்தான் எனக்கு யோசனை வரும்.

போர்டை வாசிக்கும் ஒழுங்கையும் மாற்றினோம். ஆளுக்கு ஆள் சுற்றிக் கேட்டால் அது இடாப்புக் கூப்பிடுவதுபோல் ஆகிவிடும். நான் கொழும்பில் இருந்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், 14 பேர் முக்கால் மணித்தியாலம் நின்றுகொண்டு மனேஜரின் முகத்தைப் பார்த்தே கதைப்போம். பக்கத்தில் நிற்பவர் சொன்னது ஒன்றும் காதில் ஏறாது, நம் முறை வரும்போது என்ன சொல்லலாம் என்ற யோசனைதான். இப்போது நாங்கள் போர்டின் வலது பக்கத்திலிருந்து, அதாவது முடிவதற்குக் கிட்ட இருக்கிற வேலையிலிருந்து தொடங்குகிறோம். ‘இது ஏன் நேற்றும் இங்கேதான் நின்றது, இதைத் தள்ளிவிட யார் கை கொடுக்கலாம்?’ என்பதுதான் கேள்வி. ‘நேற்று என்ன செய்தாய், இன்றைக்கு என்ன செய்வாய், என்ன தடை?’ என்ற மூன்று கேள்விகளைப் பலர் வேதம்போல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அஜைல் முறைகளில் பலர் பின்பற்றுவது ஸ்கிரம்; அதன் வழிகாட்டியின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றை எடுத்தேவிட்டார்கள். கூட்டத்துக்கு 15 நிமிடம் என்ற எல்லை மட்டும் அப்படியே இருக்கிறது.

பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு வார்த்தை, பிள்ளைகள் கேட்பார்கள். அஜைல் என்ற பெயரை 2001 பெப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் கூடிய 17 பேர் வைத்தார்கள். அவர்கள் எழுதிய பிரகடனத்தில் நான்கு வரி, அதற்குத் துணையாக 12 கொள்கைகள்; தேநீர் ஆறுவதற்குள் வாசித்துவிடலாம். ஆவணத்தைவிட ஓடுகிற சொப்ட்வெயாருக்கு மதிப்புக் கூட என்று அதில் ஒரு வரி உண்டு. ஆவணமே வேண்டாம் என்று அதற்குப் பொருள் சொல்லித் திரிகிறவர்கள் அதை வாசிக்காதவர்கள். ஸ்கிரம் அதைவிடப் பழையது. 1986இல் டக்கேயுச்சி, நொனாக்கா என்ற இரண்டு ஜப்பானியர்கள் புதுப் பொருள் உருவாக்கும் டீம்களை ரக்பி விளையாட்டோடு ஒப்பிட்டு எழுதினார்கள். 1995இல் கென் ஷ்வேபரும் ஜெப் சதர்லண்டும் ஸ்கிரமைச் சொப்ட்வெயாருக்கான ஒரு முறையாக முன்வைத்தார்கள். ரக்பி உவமை எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை. கூத்து ஒட்டியது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கரண்ட் போன வருடம் படித்தது

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அப்போது நாங்கள் நாலு பேர். ஜெனரேட்டர் இல்லை, இருந்திருந்தாலும் டீசலுக்கு வரிசையில் நிற்க வேண்டும். கரண்ட் இருக்கிற நேரமும் லப்டொப் பேட்டரியும் சேர்ந்தால் ஒரே இருப்பில் நாலைந்து மணித்தியாலம் கிடைக்கும். அதனால் அந்த இடைவெளிக்குள் எழுதி, டெஸ்ட் பண்ணி, மற்றவர்களின் புரோகிராம் கோடோடு சேர்த்துவிடக்கூடிய அளவுக்கு வேலையை நறுக்கத் தொடங்கினோம். பாதியில் விட்டால் அடுத்த தடவை கரண்ட் வரும்போது எந்த இடத்தில் நின்றோம் என்று தேடுவதிலேயே அரை மணித்தியாலம் போய்விடும்.

அதற்கு முதல் எங்கள் போர்டில் ‘விவசாயி பதிவு’ என்று ஒரே அட்டை இரண்டு கிழமை நிற்கும். நறுக்கிய பிறகு, ‘விவசாயியின் பெயரும் ஊரும் சேமிக்கலாம்’ என்று ஒன்று, ‘அதே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அடையாள அட்டை இலக்கத்தால் பிரித்துக் காட்டலாம்’ என்று ஒன்று. நறுக்கும்போது கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு துண்டும் திரையிலிருந்து டேட்டாபேஸ் வரை முழுதாக ஓட வேண்டும். முதலில் எல்லாத்துக்கும் டேட்டாபேஸ், பிறகு எல்லாத்துக்கும் திரை என்று பிரித்தால் கடைசி நாள்வரை காட்ட ஒன்றும் இருக்காது. காட்ட ஒன்றும் இல்லாதபோதுதான் ‘கொஞ்சம்தான் இருக்கு’ வளரும். கரண்ட் ஒழுங்காக வந்த பிறகும் இந்தப் பழக்கத்தை நாங்கள் விடவில்லை.

ஒரே நேரத்தில் எத்தனை வேலை திறந்து கிடக்கிறது என்பதையும் பாருங்கள். ஆலை வாசலில் 12 லொறி நிற்கிறது, மணித்தியாலத்துக்கு 3 லொறிதான் நிறுக்கலாம் என்றால், கடைசியில் வந்தவர் வெளியே போக 4 மணித்தியாலம் ஆகும். லொறிக்காரருக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. இதன் பொது வடிவத்தை 1961இல் ஜோன் லிட்டில் என்பவர் கணிதமாக நிறுவினார். உங்கள் போர்டில் 12 வேலை தொடங்கிக் கிடந்து, கிழமைக்கு 3 முடிகிறதென்றால், ஒரு வேலை முடியச் சராசரியாக 4 கிழமை. யாரையும் விரட்டாமல் இதைக் குறைக்கலாம்: புதிதாகத் தொடங்குவதை நிறுத்துங்கள். ஆறு பேராகிய நாங்கள் ஒரே நேரத்தில் நாலு வேலைக்கு மேல் திறப்பதில்லை. மற்ற இரண்டு பேரும் சும்மா இருப்பதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், முதல் மாதம் மனம் ஒப்பவே இல்லை. ஒருவர் மற்றவரோடு ஒரே கதிரை வரிசையில் இருந்து சேர்ந்து எழுதுவார், இன்னொருவர் முடிந்ததை உடைக்கப் பார்ப்பார். பிரின்டர் வேலையில் அப்படி இரண்டு பேர் இருந்திருந்தால் அது ஒன்பது நாள் இழுபட்டிருக்காது.

‘முடிந்தது’ என்ற சொல்லுக்குச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். எழுதிய புரோகிராம் கோடை (code) இன்னொருவர் வாசித்திருக்க வேண்டும். டெஸ்டுகள் ஓடியிருக்க வேண்டும். எல்லோருடைய கோடும் சேருகிற பிரதான கிளையில் சேர்ந்திருக்க வேண்டும். ஆலையில் இருக்கிற அந்தப் பழைய அன்ட்ரொய்ட் போனில் திறந்து பார்த்திருக்க வேண்டும். கடைசி வரி தங்கச்சி சேர்த்தது: தமிழில் ‘ஸ்ரீ’ உள்ள ஒரு பெயரை அடித்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஒரு தனிக் கதை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

கிழமைக் கூத்து

என் பெரியப்பா படுவான்கரையில் வடமோடிக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். கூத்தை வெளியூரார் அரங்கேற்றத்தில்தான் பார்ப்பார்கள். அதற்குப் பல மாதம் முன்பே சட்டம் கொடுத்து, அதாவது ஆளுக்கு ஆள் பாட்டையும் வசனத்தையும் பிரித்துக் கொடுத்து, ஆட்டம் தொடங்கிவிடும். ஆட்டம் ஓரளவு படிந்ததும் கிழமைக் கூத்து. கூத்து உடுப்பு, கிரீடம் ஒன்றும் இல்லாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஊருக்கு முன்னால் ஆட வேண்டும். சின்ன வயதில் பாயில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். வெற்றிலை மென்றுகொண்டிருக்கிற அம்மம்மாமாருக்குப் பாட்டு முழுதும் பாடம். ஒருவன் தாளம் விட்டால் அண்ணாவியாருக்கு முதல் அவர்கள் சத்தம் போடுவார்கள். "டேய், காலப் பாத்து வையிடா!" பிறகு கடைசி ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, கடைசியில் அரங்கேற்றம். அரங்கேற்ற இரவு வரும்போது ஊரில் யாருக்கும் சொல்ல மிச்சமாக ஒரு குறையும் இருக்காது. எல்லாம் முன்பே சொல்லித் தீர்ந்திருக்கும்.

டெமோ, அதாவது செய்ததை ஓட்டிக் காட்டுவது, என்பதை நான் பிள்ளைகளுக்கு இப்படித்தான் விளங்கப்படுத்துகிறேன். உடுப்பு கட்டி ஆட வேண்டாம். பவர்பொயின்ட் வேண்டாம். ஆனால் ஆட வேண்டும், பாட்டுத் தெரிந்த ஆளுக்கு முன்னால் ஆட வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதில்தான் நாங்கள் ஆலை வேலையில் தவறினோம். முதல் டெமோவை ஆலை முதலாளி ஹாஜியாருக்கு, அவருடைய ஒபிசில், ஏசிக்குள்ளே இருந்து காட்டினோம். மௌஸ் என் கையில். எல்லாத்தையும் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்றார், தேநீர் தந்தார், வந்தோம். சிறுபோக அறுவடையில் சிஸ்டத்தைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பதிவுகளைத் திறந்தால் ஈரப்பதன் என்ற இடத்தில் எல்லா லோட்டுக்கும் 14. ஒன்றிலும் 13 இல்லை, 15 இல்லை. மழையில் நனைந்து வந்த லோட்டுக்கும் 14.

கல்முனை தாண்டி, காரைதீவுச் சந்தியில் திரும்பி, நேரே ஆலைக்குப் போனோம். கணக்குப் பார்க்கிற காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) தராசடியில் நின்றார். ஒரு லொறி வந்தது. காக்கா சாக்கில் குத்தூசியைச் செருகி ஒரு பிடி நெல் எடுத்தார், உள்ளங்கையில் போட்டு ஊதினார், ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். "காய்ச்சல் காணாது" என்றார், நெல் போதுமான அளவு காயவில்லை என்று. விவசாயி ஏதோ சொன்னார், காக்கா இன்னொரு மணி கடித்தார், விலை முடிந்தது. ஈரப்பதன் மீட்டர் மேசை லாச்சியில் இருந்தது; இரண்டு பேருக்கும் ஒத்துவராவிட்டால்தான் அது வெளியே வரும். எங்கள் திரையோ, ஈரப்பதனை அடிக்காமல் நிறையை அடிக்கவே விடாது. நெல் சந்தைப்படுத்தும் சபை நெல் வாங்கும்போது பார்க்கிற அளவு 14 வீதம், அதனால் காக்காவுக்கு வாயில் வந்த இலக்கம் அது. "மெசின் கேக்குது, நான் என்ன செய்ய? லொறி வரிசையில நிக்குது மகள்" என்றார்.

திருத்துவதற்கு மூன்று மணித்தியாலம் போதுமாக இருந்தது. ஈரப்பதனை நிறைக்குப் பின்னால் தள்ளி, கட்டாயத்தை எடுத்து, மூன்று பட்டன் வைத்தோம்: நல்ல காய்ச்சல், பரவாயில்லை, ஈரம். மீட்டர் வைத்தால் மட்டும் இலக்கம். இரண்டு மாதப் பதிவு வீணாகப் போனதுதான் பெரிய நட்டம். காக்காவை முதல் டெமோவுக்குக் கூப்பிட்டிருந்தால் அவர் அந்த அம்மம்மாமாரைப்போல் பத்து நிமிடத்தில் சத்தம் போட்டிருப்பார்.

அதிலிருந்து எங்கள் டெமோவுக்குச் சில ஒழுங்குகள். இரண்டு கிழமைக்கு ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை வைத்தால் ஜும்மாவுக்குப் போகிறவர்கள் அவசரப்படுவார்கள், வேலையும் அரைகுறையாகும். வியாழன் போயா விடுமுறையாக இருந்தால் புதன். சிஸ்டத்தைத் தினமும் பாவிக்கப்போகிற ஆள் வராவிட்டால் டெமோ இல்லை. போனோ மௌஸோ அவருடைய கையில்தான் இருக்க வேண்டும், செய்தவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். அவர் தடுமாறும்போது "இல்ல காக்கா, அந்தப் பட்டனை அமத்துங்க" என்று வாய் துடிக்கும். துடிக்கட்டும். அவர் எந்த இடத்தில் தடுமாறினார் என்பதைக் காணத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறோம். குறை சொன்னால் ‘ஏன் அப்படிச் செய்தோம் என்றால்’ என்று விளக்கம் கொடுப்பதும் இல்லை, எழுதிக்கொண்டு வருவதுதான்.

சீட்டு, ஆள், முதலாளி

ஒரு வேலைக்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டால் முதலில் நான் ஒரு இலக்கம் சொல்லிவிட்டேன் என்றால் மற்ற ஐந்து பேரும் அதற்குப் பக்கத்தில்தான் சொல்வார்கள். இதற்கு ஜேம்ஸ் கிரெனிங் என்பவர் 2002இல் ஒரு சீட்டு முறை எழுதி வைத்தார். எல்லோரும் தங்கள் இலக்கத்தைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். நாங்கள் 304 என்ற சீட்டாட்டத்துக்கு வாங்கி வைத்த சீட்டுக்கட்டையே பாவிக்கிறோம், துரும்பைக் கவிழ்த்து வைத்துப் பழகிய கைகள்தானே. ஒருவர் 2 வைத்து இன்னொருவர் 8 வைத்தால் சராசரி எடுக்காதீர்கள். 8 வைத்தவரைப் பேச விடுங்கள். மற்றவர்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரியும். பிரின்டர் வேலைக்கு அன்றைக்குச் சீட்டுப் போட்டிருந்தால் தங்கச்சி பெரிய இலக்கம் வைத்திருப்பாள்.

பெரும்போக அறுவடை நெருங்கும்போது ஹாஜியார் கோல் எடுத்தார். "இன்னும் ரெண்டு பொடியன்மாரப் போடுங்க, காசு நான் தாறன்." பிந்திய வேலைக்கு ஆள் கூட்டினால் அது இன்னும் பிந்தும் என்று பிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார். காரணமும் கணக்குத்தான். ஆறு பேர் ஒருவரோடு ஒருவர் கதைக்க 15 இணைப்பு. எட்டுப் பேரென்றால் 28. அதோடு புதியவர்களுக்கு விளங்கப்படுத்துவது பழையவர்கள்தான், அவர்களுடைய வேலை நின்றுவிடும். ஹாஜியாருக்கு நான் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. வேறொன்று கேட்டேன்: "எது இல்லாட்டி லொறியை நிறுக்க ஏலாது?" விவசாயி பெயர், நிறை, சாக்குக் கழிவு, விலை, பில். அவ்வளவுதான். அறிக்கைகளும் எஸ்எம்எஸ்ஸும் பின்னால் போயின. நெல் வரத் தொடங்குவதற்கு முதல் கிழமை இந்த ஐந்தும் ஓடியது. எஸ்எம்எஸ் ஏப்ரலில் போனது, அதுவரை ஒருவரும் அதைத் தேடவில்லை.

ஹாஜியாரின் மகன் ஒன்று சொல்வார், காக்கா வேறொன்று சொல்வார், ஹாஜியார் மூன்றாவதாக ஒன்று. டீமுக்கு யார் சொன்னால் கேட்பது? முதல் நாளே ஒரே ஒரு ஆளை முடிவு பண்ணி, அவருடைய வாயால் மற்றவர்களுக்குச் சொல்லவைக்க வேண்டும். எங்களுக்கு அது மகன். அவர் காக்காவிடம் கேட்டுத்தான் முடிவெடுப்பார், அது அவர்களுக்குள்.

கார்த்திகை, மார்கழியில் ஸ்பிரின்டை நிரப்பாதீர்கள். வெள்ளம் வந்தால் களுவாஞ்சிகுடியிலிருந்து வருகிற பிள்ளை இரண்டு நாள் வர முடியாது, வீட்டில் நெட்டும் இருக்காது. நான் பாதி வேலைதான் எடுப்பேன்.

ரெட்ரோ

ஸ்பிரின்ட் முடிவில் ‘என்ன பிழைத்தது?’ என்று வட்டமாக இருந்து கேட்டால் நம் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஓகே அக்கா" என்பார்கள். துண்டுத் தாளில் எழுதச் சொன்னோம். கையெழுத்து எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதுவும் சரிவரவில்லை. இப்போது பெயர் கேட்காத ஒரு படிவத்தில் டைப் பண்ணி அனுப்புகிறார்கள், அதைத் தம்பி ஒருவன் கலந்து வாசிப்பான்.

முதல் தடவை வந்த துண்டுகளில் ஒன்று: ‘அக்கா கேள்வி கேட்டுட்டு பதிலையும் அவவே சொல்றா.’ எனக்குச் சுள்ளென்றது. யார் எழுதியது என்று மனம் தேடியது, எழுத்துப் பிழைகளை வைத்துக் கண்டுபிடிக்கவும் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். பிறகு அந்த மாற்றத்தைத்தான் எடுத்தோம்: கேள்வி கேட்டால் நான் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். முதல் நாள் ஏழு வரைதான் போனது. ஏழில் ஒரு பிள்ளை வாய் திறந்தாள்.

ஒரு ரெட்ரோவில் ஒரு மாற்றத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். பத்து எழுதி வைத்தால் பத்தும் கிடப்பில் கிடக்கும், அடுத்த தடவை ஒருவரும் எழுத மாட்டார்கள். எடுத்த ஒன்றை மற்ற வேலைகளைப்போல் போர்டில் அட்டையாகப் போடுங்கள். அடுத்த ரெட்ரோவில் முதலில் அதைக் கேளுங்கள்.

தொடங்குகிறவர்களுக்கு

பலகைக்கும் செயலிக்கும் காசு செலவழிக்காதீர்கள். சுவரும் ஒட்டும் தாளும் போதும். வாவிக் காற்றில் தாள் பறக்கும், அதனால் எங்களிடம் இப்போது காந்தம் வைக்கிற வெள்ளைப் பலகை இருக்கிறது. முதல் கிழமை எல்லாத்தையும் தொடங்காமல் இரண்டே காரியம் செய்யுங்கள். இப்போது திறந்து கிடக்கிற வேலைகளை எண்ணிப் பாதியை மூடி வையுங்கள். சிஸ்டத்தைப் பாவிக்கப்போகிற ஆளிடம் அடுத்த வியாழக்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் காட்ட உங்களிடம் உருப்படியாக ஒன்றும் இருக்காது, பரவாயில்லை. போய் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருந்து, அவர் எதைக் கையால் எழுதுகிறார், எதைப் பல்லால் கடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருங்கள்.